சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி

கொல்கத்தா லார்டு சின்ஹா சாலையில் உள்ள அரசுப் பெண்கள் பள்ளி. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட்டிலிருந்து மெட்ரோவில் சில நிறுத்தங்கள் வடக்கே போனால் வந்துவிடும். இதை நிறுவியவர் பேகம் ருக்கையா சகாவத் ஹுசைன் (1880–1932). வங்காளிகள் ரொகேயா என்பார்கள்.

ரங்பூரை அடுத்த பைராபந்தில், ஜமீன் வீட்டில் பிறந்தவர். அந்த வீட்டில் பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதச் சொல்லிக்கொடுத்ததோடு சரி. வங்கமொழியை அக்காவிடம் படித்தார். ஆங்கிலத்தை, வீடே உறங்கிய பிறகு மெழுகுவத்தி வெளிச்சத்தில் அண்ணன் கற்றுக்கொடுத்தார். கணவர் சகாவத் ஹுசைன் பகல்பூரில் டெபுடி மாஜிஸ்திரேட். மனைவியை எழுதத் தூண்டியவரும் அவரே. பெண்கள் பள்ளிக்கென்று 10,000 ரூபாய் ஒதுக்கியும் வைத்தார். 1909 மே மாதம் அவர் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் பகல்பூரில் ஐந்து மாணவிகளோடு அவர் பெயரில் பள்ளி தொடங்கியது. குடும்பத் தகராறில் அங்கே இருக்க முடியாமல் கொல்கத்தா வந்த ருக்கையா, 1911 மார்ச் 16 அன்று வலியுல்லா சந்தில் எட்டு மாணவிகளை வைத்து மறுபடி தொடங்கினார்.

பிள்ளைகளை அனுப்பச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கினார். கோஷா (பர்தா) குலையாமல் அழைத்துவர வண்டி ஏற்பாடு செய்வதாக வாக்களித்தார். அந்த வண்டியின் கதையை ‘அவரோதபாசினி’ (1931) நூலில் அவரே எழுதியிருக்கிறார். பள்ளியின் மோட்டார் பஸ்ஸில் காற்று புகவும் அநேகமாக வழியில்லாதபடி எல்லாப் பக்கமும் அடைத்திருந்தார்கள். இருட்டிலும் புழுக்கத்திலும் சிறுமிகள் வாந்தி எடுத்தார்கள், மயங்கி விழுந்தார்கள். அடைப்பை எடுத்துவிட்டுத் திரை போட்டதும், திரை காற்றில் பறக்கிறது, கோஷா போயிற்று என்று மிரட்டல் கடிதங்கள் வந்தன. இரண்டு பக்கமும் அடி வாங்கியது பள்ளி நடத்தியவர்தான்.

ருக்கையாவை மார்க்க விரோதி என்று சொன்னவர்கள் அன்றும் உண்டு. அது தவறு. தொழுகையும் நோன்பும் தவறாதவர்; அளவான பர்தாவை ஆதரித்துக் கட்டுரையே எழுதியவர். மணமகன் தரும் மஹர் மனைவிக்கே உரியது, பெண்ணுக்கும் வாரிசுப் பங்கு உண்டு என்று குர்ஆனின் நான்காம் அத்தியாயம் சொல்கிறது; மகளின் பங்கு மகனுடையதில் பாதி. மணவிலக்குக் கோர குலா என்ற வழியும் இருக்கிறது. எழுத்து தெரியாத பெண் இவற்றில் எதைக் கேட்டு வாங்குவாள்? கல்வியை நபிகள் நாயகம் ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமையாக்கியிருக்க, அதைத் தடுப்பவர்கள் எந்த மார்க்கத்தைக் காக்கிறார்கள் என்பதே அவர் வாதம்.

அவருடைய புகழ்பெற்ற கதை ‘சுல்தானாவின் கனவு’ முதலில் அச்சானது சென்னையில் என்பதைத் தமிழர்கள் அதிகம் பேசுவதில்லை. கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ 1905இல் அதை வெளியிட்டது. கதையில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருப்பார்கள்; பெண்கள் வெயிலைப் பிடித்து அடுப்பெரிப்பார்கள், மேகத்திலிருந்து நீர் இறக்குவார்கள்.

1916இல் கொல்கத்தாவில் ‘அஞ்சுமனே கவாதீனே இஸ்லாம்’ என்ற பெண்கள் சங்கத்தையும் ருக்கையா தொடங்கினார். 1932 டிசம்பர் 9, தம் பிறந்த நாளிலேயே காலமானார். ‘பெண்ணின் உரிமை’ என்ற கட்டுரை முந்திய இரவு எழுதிய நிலையில் மேசையில் பாதியில் கிடந்தது.