வாடகைக் குடியுடன் சொத்து வாங்குதல்

வாடகைக் குடியுடன் சொத்து வாங்குதல் என்பது, ஒருவர் ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டையோ தொழில் நடத்தும் கட்டடத்தையோ, அவர் அங்கே இருக்கும் நிலையிலேயே கிரயம் பெறுவதாகும். சேலம் அம்மாபேட்டையின் லைன் வீடுகள், செவ்வாய்பேட்டையின் வெள்ளிப் பட்டறைகள், நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிப்பட்டறைகள் போன்றவை பல நேரம் இப்படித்தான் கைமாறுகின்றன.

உரிமையாளர் மாறினாலும் வாடகை உறவு அறுந்துபோவதில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 109-இன்படி, வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வருகிறார். பழையவரின் உரிமைகளும், குடியிருப்பவர் விரும்பினால் பழையவரின் கடமைகளும் புதியவரைச் சேரும். கிரயத்துக்கு முந்தைய வாடகை பாக்கியோ தனியே எழுதிக் கொடுக்காவிட்டால் விற்றவருக்கே உரியது. கிரயம் நடந்ததை அறியாமல் குடியிருப்பவர் பழையவரிடம் வாடகை கொடுத்திருந்தால், அதை மறுபடி கேட்க முடியாது. ஆகவே பத்திரம் பதிவானதும் விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை அவரிடம் சேர்ப்பது அவசியம்.

முதன்முறையாக வாங்குவோர் அதிகம் ஏமாறும் இடம் போக்கியம். பெருந்தொகை ஒன்றைக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்பப் பெறும் ஏற்பாடு இது. பெரும்பாலும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வதோடு சரி, பதிவு செய்வதில்லை. அதனால் வில்லங்கச் சான்றில் தெரியாது. சட்டமோ, ஓர் இடத்தை அனுபவத்தில் வைத்திருப்பவருக்கு உள்ள உரிமை வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே கொள்கிறது. 'எனக்குச் சொல்லவில்லை' என்ற வாதம் எடுபடாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே குடியிருப்பவரை நேரில் பார்த்து, எவ்வளவு கொடுத்தார், எப்போதிலிருந்து இருக்கிறார், கையில் என்ன எழுத்து இருக்கிறது என்று கேட்பதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை. விலை 30 லட்சம், போக்கியத் தொகை 5 லட்சம் என்றால் விற்பவருக்கு 25 லட்சமே தந்து, மீதியைத் திருப்பித் தரும் பொறுப்பை வாங்குபவர் ஏற்பதாகப் பத்திரத்திலேயே எழுதலாம். வாடகை அட்வான்ஸுக்கும் இதே வழிதான்.

நகர்ப்புறங்களில், 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வெளியேற்றக் கோருவோர் வாடகை நீதிமன்றத்தை நாட வேண்டும். வாடகை பாக்கி, எழுத்தில் ஒப்பந்தம் செய்ய மறுத்தல், சொந்தத் தேவை முதலியன அதற்கான காரணங்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளைக் கிளப்புவது இச்சட்டப்படி தவறு. அது மனிதத்தன்மையும் அல்ல. பிள்ளைகளின் பள்ளி, தறி வேலை எல்லாம் அந்த முகவரியைச் சுற்றியே அமைந்த குடும்பத்துக்கு நியாயமான கால அவகாசம் தந்து பேசுவதே முறை. கிராம ஊராட்சிப் பகுதிகளில் பொதுவாக 1882-ஆம் ஆண்டுச் சட்டமே வழிகாட்டும்: மாற்று ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக்கு 15 நாள் அறிவிப்பு, உற்பத்தித் தொழிலுக்கான குத்தகைக்கு 6 மாத அறிவிப்பு.

தறிப்பட்டறை வாங்குவோர் மின் இணைப்பு யார் பெயரில் உள்ளது, கட்டண நிலுவை உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய நிலுவையைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று மின் வழங்கும் அமைப்புகள் விதி வகுக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. தறிகளும் மோட்டார்களும் குடியிருப்பவருடையவையா, கட்டடத்தோடு சேர்ந்தவையா என்பதைக் கிரயத்துக்கு முன்பே மூவரும் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது.