மௌனத்துக்கு ஒரு கெடு: கலிஃபோர்னியா சட்டமன்றக் குழுக்களில் நியமனங்களும் தண்டனை மசோதாக்களும்

2023 ஜூலை 11 அன்று கலிஃபோர்னியா சட்டமன்றத்தின் கீழவையான அசெம்பிளியின் பொதுப் பாதுகாப்புக் குழுவில் ஒரு மசோதா தோற்றது. எதிர்த்து ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. குழுவில் எட்டு உறுப்பினர்கள். குடியரசுக் கட்சியினர் இருவர் ஆதரித்தார்கள். ஜனநாயகக் கட்சியினர் ஆறு பேரும் வாக்களிக்காமலே இருந்துவிட்டார்கள். குழுவைத் தாண்ட மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, அதாவது ஐந்து வாக்கு வேண்டும்; வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது. ஆகவே அங்கே வாய் திறக்காமல் இருப்பதும் ‘கூடாது’ என்பதும் கணக்கில் ஒன்றுதான். பதிவேட்டில் மட்டும் ஒன்றல்ல. எதிர்த்தவர் என்ற பெயர் யார்மேலும் விழாது.

அமெரிக்க மாநிலச் சட்டமன்றக் குழுக்களைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் வாக்குகளை எண்ணுகிறது. கலிஃபோர்னியாவைப் பொறுத்தவரை வாக்களிக்காமைதான் ஆராயத்தக்கது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஆளுநர் நியமிப்பவர்களைச் சோதிக்கும்போதும், தண்டனையைக் கூட்டச் சொல்லும் மசோதாக்களைப் பரிசீலிக்கும்போதும் குழுக்கள் மௌனத்தையே கருவியாகக் கொள்கின்றன. நியமனத்தில் அந்த மௌனத்துக்குச் சட்டம் ஒரு கெடுவும் ஒரு பொருளும் வகுத்திருக்கிறது. முன்னதாக எழுத்தில் கேள்விகளும் போகின்றன. மசோதாவில் இவை பெரும்பாலும் இல்லை. அதனால் தண்டனைப் பெருக்கத்துக்குத் தேவையான தடை, வேண்டிய நேரத்தில் நிற்காமல் போகிறது.

முதலில் நியமனம். அங்குள்ள ஆளுநர் நம்மூர் ஆளுநரைப் போன்றவர் அல்லர். மக்கள் வாக்கில் வந்தவர், நிர்வாகத் தலைவர். சிறைத்துறைச் செயலர், நெடுஞ்சாலைக் காவல்துறை ஆணையர், சிறைகளைக் கண்காணிக்கும் தலைமை ஆய்வாளர், பரோல் விசாரணை வாரிய ஆணையர்கள் ஆகியோரை நியமிப்பவர் அவர். ஒப்புதல் தர வேண்டியது நாற்பது பேர் கொண்ட செனட். அதற்கு முன் செனட்டின் விதிகள் குழு விசாரிக்கும். ஐந்தே பேர் கொண்ட குழு. தலைமை செனட்டின் தலைவரிடமே. பெயரைப் பார்த்தால் அலுவல் ஒழுங்கைப் பார்க்கும் குழு போலத் தோன்றும். மாநிலத்தின் வலிமையான குழுக்களில் அது ஒன்று.

நியமனம் பெற்றவர் ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் உடனே வேலையைத் தொடங்கிவிடலாம் என்பதுதான் இந்த முறையின் சாரம். அரசுச் சட்டத்தொகுப்பின் 1774-ஆம் பிரிவின்படி, அவர் பணியேற்ற நாளிலிருந்து 365 நாளுக்குள் செனட் ஒப்புதல் தராவிட்டால் பதவி போய்விடும். செனட் வெளிப்படையாக மறுத்தால், மறுத்த நாளிலிருந்து 60 நாள், அல்லது அந்த 365 நாளின் எச்சம், எது முந்துகிறதோ அதுவரை நீடிக்கலாம். இதன் விளைவு விசித்திரமானது. மறுப்பைச் சொல்வதைவிட ஒன்றும் சொல்லாமல் நாளைக் கடத்துவது செனட்டுக்கு எளிது. ஆளுநருக்கும் அது கௌரவம். தேறாது என்று தெரிந்த பெயர் வாக்கெடுப்புக்கு வராமலே மறையும்.

இதை வெறும் கோழைத்தனம் என்று தள்ளுவது பிழை. பரோல் வாரிய ஆணையரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு மூன்றாண்டுப் பதவிக்காலம். ஆயுள் கைதி ஒருவரை வெளியே விடலாமா என்பதை ஓர் ஆணையரும் ஒரு துணை ஆணையரும் அமர்ந்து முடிவு செய்வார்கள். துணை ஆணையர் அரசு ஊழியர். ஆணையர் ஆளுநரின் தேர்வு. விதிகள் குழுவின் முன் வந்து நிற்கும் நாளில் அந்த ஆணையர் பல மாதங்களாக விசாரணை நடத்தியிருப்பார். அவர் கைதியிடம் என்ன கேட்டார், பாதிக்கப்பட்ட குடும்பத்தாரிடம் எப்படிப் பேசினார், மறுத்தபோது என்ன காரணம் சொன்னார் என்பதெல்லாம் எழுத்துப் பதிவாக, எவரும் கேட்டுப் பெறக்கூடிய ஆவணமாக இருக்கும். குழு அவருக்கு முன்கூட்டியே எழுத்தில் கேள்விகளை அனுப்புகிறது. அவர் எழுத்தில் பதில் தருகிறார். சொத்து, வருமானம், கடன் விவரங்கள் ‘படிவம் 700’ என்ற நல அறிக்கையில் தனியே இருக்கும். ஆக, குழு ஒருவரின் வாக்குறுதியைச் சோதிப்பதில்லை. செய்து முடித்த வேலையைச் சோதிக்கிறது. வாஷிங்டனில் நியமனம் பெற்றவர்கள் பதவியேற்கும் முன்பே செனட் குழுவில் நடக்கும் விசாரணையைவிட இது எனக்கு மேலான முறையாகவே படுகிறது. அங்கே எதிர்காலத்தைப் பற்றி ஒருவர் என்ன சொல்லாமல் தப்பிக்கிறார் என்பதே திறமையாகிவிட்டது.

மௌனத்தின் பொருளை எழுதிவைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1987-88-இல் நடந்த வழக்கு சான்று. அட்டர்னி ஜெனரல், கருவூலத் தலைவர் போன்ற தேர்தல் பதவிகள் இடையில் காலியானால் ஆளுநர் ஒருவரை முன்மொழிவார். இரு அவைகளும் ஒப்ப வேண்டும். இங்கே அரசியலமைப்பு மௌனத்துக்கு நேர்மாறான பொருளைத் தருகிறது: 90 நாளுக்குள் ஒப்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்றால் அவர் பதவி ஏற்றுக்கொள்ளலாம். கருவூலத் தலைவர் ஜெஸ்ஸி அன்ரூ 1987-இல் இறந்தபோது ஆளுநர் டியூக்மேஜியன் டான் லங்கிரனை முன்மொழிந்தார். அசெம்பிளி ஒப்பியது, செனட் மறுத்தது. ஓர் அவையின் மறுப்பு மட்டும் போதாது, இரண்டும் மறுத்தால்தான் மறுப்பு என்று ஆளுநர் தரப்பு வாதிட்டது. மாநில உச்ச நீதிமன்றம் 1988-இல் அதை ஏற்கவில்லை. லங்கிரனுக்குப் பதவி கிட்டவில்லை. ஒரு வாக்கியத்தின் இரட்டைப் பொருளைத் தீர்க்க ஒரு வழக்கு வேண்டியிருந்தது. ஆனால் தீர்க்க ஒரு வாக்கியமாவது இருந்தது. கமலா ஹாரிஸ் (மன்னார்குடி அருகே துளசேந்திரபுரத்து வேர் கொண்டவர் என்று நம் நாளிதழ்கள் விடாமல் நினைவூட்டியவர்) அட்டர்னி ஜெனரல் பதவியிலிருந்து அமெரிக்க செனட்டுக்குப் போனபோது, 2017 தொடக்கத்தில் சேவியர் பெசேரா இந்த வழியாகத்தான் வந்தார். 90 நாள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததால் இரு அவைகளும் விசாரித்து, ஜனவரிக்குள்ளேயே வாக்களித்து முடித்தன.

மசோதாக்களுக்கு வருவோம். அவற்றுக்கும் காலம் உண்டு. இரண்டாண்டுக் கூட்டத்தொடர் முடிந்தால் மிச்சமெல்லாம் செத்துப்போகும். இல்லாதது, ஏன் செத்தது என்பதற்கான எழுத்து.

பொதுப் பாதுகாப்புக் குழுவின் அமர்வு பார்ப்பதற்குக் கண்டிப்பானது. மசோதாவின் ஆசிரியர் பேசுவார். ஆதரவுக்கு இரண்டு சாட்சிகள், எதிர்ப்புக்கு இரண்டு. ஆளுக்கு இரண்டு நிமிடம். பிறகு அறையில் இருப்பவர்கள் வரிசையாக ஒலிவாங்கி முன் வந்து பெயர், அமைப்பு, ஆதரவா எதிர்ப்பா என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டும். மகளைப் பறிகொடுத்த தாயும் அந்த வரிசையில்தான் நிற்பார். மாவட்ட அரசு வழக்கறிஞர் சங்கத்தின் பிரதிநிதியும் அதே வரிசையில்தான். குழுவின் ஆலோசகர் எழுதிய பகுப்பாய்வு எல்லோருக்கும் முன்பே கிடைத்திருக்கும்: இப்போதைய சட்டம் என்ன, மசோதா எதை மாற்றுகிறது, யார் ஆதரவு, யார் எதிர்ப்பு. இந்தப் பகுப்பாய்வுகள்தான் கலிஃபோர்னியச் சட்டமன்றத்தின் தலைசிறந்த எழுத்து. உறுப்பினர்களின் மௌனம் அதற்கு எதிர்முனையில் இருக்கிறது.

குழுக்கள் இப்படித் தடுப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ‘மூன்று குற்றம், பிறகு ஆயுள்’ என்ற சட்டத்தின் முதல் வரைவு 1993-இல் அசெம்பிளியின் பொதுப் பாதுகாப்புக் குழுவில்தான் வீழ்ந்தது. அதை முன்னின்று நடத்தியவர் மகளைக் கொலையில் இழந்த ஃப்ரெஸ்னோ நகரத்துத் தந்தை ஒருவர். அவர் மக்கள் வாக்கெடுப்புக்குக் கையெழுத்துத் திரட்டத் தொடங்கினார். அந்த அக்டோபரில் ஒரு சிறுமி வீட்டிலிருந்தே கடத்திக் கொல்லப்பட்டாள், மாநிலமே கொதித்தது. குழு மறுத்த வரைவை 1994 மார்ச்சில் இரு அவைகளும் நிறைவேற்றின. நவம்பரில் வாக்காளர்களும் அதையே 184-ஆவது முன்மொழிவாக உறுதிசெய்தார்கள். அந்தச் சட்டத்தின்கீழ் ஒவ்வொன்றும் 399 டாலர் மதிப்புள்ள மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடிய ஒருவருக்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை விழுந்தது; 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. சிறைகள் நிரம்பின. சுமார் 80,000 பேருக்காகக் கட்டப்பட்டவற்றில் ஏறத்தாழ 1,56,000 பேர் அடைபட்டிருந்ததாக 2011-இல் அதே உச்ச நீதிமன்றத்தின் பிரவுன் எதிர் பிளாட்டா தீர்ப்பு பதிவுசெய்தது, கொள்ளளவில் 137.5 விழுக்காட்டுக்குள் கொண்டுவரச் சொன்ன ஆணையையும் உறுதிசெய்தது.

இதற்கிடையே, 2007 தொடக்கத்தில், செனட்டின் பொதுப் பாதுகாப்புக் குழு அசாதாரணமான ஒன்றைச் செய்தது. சிறை நெரிசலைக் கூட்டக்கூடிய புதிய குற்றங்களையும் கூடுதல் தண்டனைகளையும் கொண்டுவரும் மசோதாக்களை நிறுத்திவைப்பதே குழுத் தலைவரின் கொள்கை என்று எழுத்தில் அறிவித்தது. ஒவ்வொரு பகுப்பாய்விலும் அந்தப் பத்தி இடம்பெற்றது. ஒவ்வொரு மசோதாவும் இந்த நெரிசலை மோசமாக்குமா என்ற கேள்விக்கு உட்பட்டது. இதுவும் மௌனத்தால் தடுப்பதுதான். ஆனால் மௌனத்துக்கு ஒரு காரணவுரை முன்கூட்டியே இருந்தது. கைதிகளின் எண்ணிக்கை நீதிமன்ற வரம்புக்குக் கீழே இறங்கிய 2015-இலும் குழு கதவை அகலத் திறந்துவிடவில்லை. கொள்கையை மாற்றிக் கேள்விகளாக எழுதியது. சிறைக் கைதிகளைக் குறைத்த ஏதேனும் நடவடிக்கையை இது அரிக்கிறதா? வேறு தகுந்த பரிகாரம் இல்லாத பெரிய பொதுப் பாதுகாப்புச் சிக்கலா? மனித உயிருக்கும் உடலுக்கும் நேரடி ஆபத்தான செயலைத் தொடுகிறதா? அரசியலமைப்புக் குறையையோ வரைவுப் பிழையையோ திருத்துகிறதா? தண்டனை குற்றத்துக்கு ஈடானதா, வேறு வழியில் அதை அடைய முடியாதா?

விதிகள் குழு ஒரு பரோல் ஆணையருக்கு அனுப்பும் கேள்விக் கடிதத்தை இதனோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஒரு மசோதாவை, பதவி கேட்டு வரும் மனிதரைப் போல நடத்தியிருக்கிறது அந்தக் குழு. உண்மையில் மசோதாவுக்குத்தான் இக்கேள்விகள் கூடுதலாகத் தேவை. ஆணையருக்குச் செய்துகாட்டிய வேலையின் பதிவு இருக்கிறது. மசோதாவுக்கு இனிமேல்தான் விளைவு.

அசெம்பிளியின் குழு தன் மறுப்புக்கு இத்தகைய எழுத்தை முன்வைக்கவில்லை. தொடக்கத்தில் சொன்ன 2023 மசோதா, செனட்டர் ஷானன் குரோவ் கொண்டுவந்த எஸ்.பி. 14. சிறாரைப் பாலியல் தொழிலுக்காகக் கடத்துவதை ‘கடுங்குற்றம்’ என்ற பட்டியலில் சேர்த்து, மூன்று குற்றச் சட்டத்தின் கணக்கில் கொண்டுவருவது அதன் நோக்கம். செனட்டில் ஓர் எதிர்ப்பு வாக்கும் இல்லாமல் தேறியிருந்தது. குழுவில் தயங்கியவர்களிடம் வாதம் இல்லாமல் இல்லை. வாக்காளர்கள் 2012-இல் நிறைவேற்றிய 35-ஆவது முன்மொழிவின்படி இந்தக் குற்றத்துக்கு ஏற்கனவே 5, 8 அல்லது 12 ஆண்டு. வன்முறையோ மிரட்டலோ சேர்ந்தால் 15 ஆண்டு முதல் ஆயுள். கடத்தப்பட்ட பெண்களே பிறரைச் சேர்க்க வற்புறுத்தப்பட்டு, கடத்தியவர்களாக வழக்கில் சிக்குவதும் உண்டு. கனமான வாதங்கள்தான். ஆனால் வாக்களிக்காமல் இருந்தவர்கள் அவற்றின்மேல் நிற்கவில்லை. கண்டனம் எழுந்தது, ஆளுநர் நியூசம் தலையிட்டார், அவைத் தலைவர் பொறுப்பை ஏற்று இரண்டு வாரம்கூட ஆகாத ராபர்ட் ரிவாஸும் அசைந்தார். ஜூலை 13 அன்று அதே குழு கூடி, எதிர்ப்பின்றி ஆறு வாக்கில் மசோதாவை அனுப்பியது; இருவர் மட்டும் அப்போதும் வாக்களிக்கவில்லை. அந்த இரண்டு நாளில் மசோதாவின் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்றாலும் முடிவு தலைகீழானது. ‘கூடாது’ என்று சொல்லி அதற்குக் காரணமும் எழுதிவைத்த குழுவை இப்படிப் புரட்டுவது இவ்வளவு எளிதாக இருந்திராது.

நிதி ஒதுக்கீட்டுக் குழுக்களின் ‘சஸ்பென்ஸ்’ கோப்பு இன்னும் மோசம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செனட்டில் பொது நிதிக்கு 50,000 டாலருக்கு மேல் செலவு வைக்கும் மசோதா அந்தக் கோப்புக்குப் போகும். ஒரு கைதியை ஓராண்டு வைத்திருக்கும் சராசரிச் செலவே அங்கே 1 லட்சம் டாலரைத் தாண்டும். தண்டனையைக் கூட்டும் மசோதா எதுவும் இதிலிருந்து தப்புவது அரிது. மே மாதத்தில் ஒரு நாள், ஆகஸ்டில் ஒரு நாள் குழுத் தலைவர் மசோதா எண்களையும் முடிவுகளையும் விறுவிறுவென வாசிப்பார். சாட்சியமோ விவாதமோ காரணமோ இருக்காது.

மௌனத்துக்குக் காரணம் கேட்பதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. உணர்ச்சி கொதிக்கும் நேரத்தில் பெயர் சொல்லி எதிர்ப்பது அரசியல் தற்கொலை. மௌனம்தான் உறுப்பினருக்குக் கவசம். கவசத்தைப் பிடுங்கினால் எல்லோரும் ஆதரித்தே வாக்களிப்பார்கள், 1994 திரும்பும் என்பது அது. நான் இதை அரைப்பங்குதான் ஏற்கிறேன். 1994-க்கு வழி திறந்ததும் 1993-இன் மறுப்பே. குழு ஒதுக்கிய பொருள் அங்கே சாவதில்லை. கையெழுத்து இயக்கமாக மாறி வாக்குச்சீட்டுக்குப் போகிறது. மக்கள் வாக்கில் வந்த சட்டத்தை, அதுவே அனுமதித்தாலன்றிச் சட்டமன்றம் வாக்காளரிடம் திரும்பிப் போகாமல் திருத்த முடியாது. சாதாரண மசோதாவாக இருந்திருந்தால் பெரும்பான்மையால் திருத்தக்கூடியதை, தடுத்தவர்களே பூட்டுப்போட்டுவிட உதவுகிறார்கள். தவிர, கவசம் வேண்டுமென்றால் செனட் குழுவின் 2007 கொள்கையைவிட நல்ல கவசம் இல்லை. ‘இது எங்கள் குழுவின் எழுதப்பட்ட அளவுகோல், எல்லா மசோதாவுக்கும் ஒன்றே’ என்று உறுப்பினர் ஊரில் போய்ச் சொல்லலாம். கூட்டாட்சி நீதிமன்றத்தின் அழுத்தம் அதற்குப் பின்னால் இருந்தது என்பது உண்மை. அழுத்தம் தளர்ந்த பிறகும் கேள்விகள் தொடர்ந்தன என்பதும் உண்மை.

2025-இல் அசெம்பிளிக் குழுவில் இதே நாடகம் வேறு வடிவில் நடந்தது. முன்னாள் அரசு வழக்கறிஞரான மேகி கிரெல் கொண்டுவந்த ஏ.பி. 379 மசோதாவில், 16, 17 வயதினரைப் பாலுறவுக்கு விலைபேசுவதைப் பெருங்குற்றமாக்கும் பகுதியைக் குழு ஏப்ரலில் நீக்கச் செய்தது. சிக்கலை இன்னும் ஆராய வேண்டும் என்றது குழுத் தரப்பு. மசோதாவின் ஆசிரியர் என்ற இடத்திலிருந்து கிரெலின் பெயரே அகற்றப்பட்டது. சில நாள்களில் எதிர்ப்பு வலுக்க, மே மாதத்தில் அந்தப் பகுதி ஒரு நிபந்தனையோடு திரும்பி வந்தது: விலைபேசுபவர் மூன்று ஆண்டுக்கு மேல் மூத்தவராக இருக்க வேண்டும். ஜூலையில் ஆளுநர் கையெழுத்திட்டார். வயது இடைவெளி பற்றிய அந்த நிபந்தனை நியாயமான திருத்தம். ஏறக்குறைய ஒரே வயதுடைய இருவரைப் பெருங்குற்றத்திலிருந்து விலக்குகிறது. ஏப்ரல் அமர்வின் மேசையிலேயே கேள்வியாக எழுதி வைத்திருக்கக்கூடியதும் அதுதான்.