பறக்கும் தட்டு: ஒரு சொல் வானேறிய வரலாறு

பொருள் முதலில் தோன்றும். பெயர் பின்னர் தோன்றும். இதுவே உலக வழக்கம். குழந்தை பிறந்த பின்னரே நாம் பெயர் சூட்டுகின்றோம். ஆனால், பெயர் முன்னே பிறந்துவிட, அதற்குரிய பொருளை மக்கள் வானமெங்கும் தேடி அலைந்த புதுமையும் கடந்த நூற்றாண்டில் நிகழ்ந்தது. 'பறக்கும் தட்டு' என்பதே அப்பெயர்.

அயல் உலகத்து உயிர்கள் உண்டா, இல்லையா என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதற்கு உரியவர்கள் வானூலார். ஒரு மனிதன் கண்டதாகச் சொன்ன காட்சியைச் செய்தித்தாள் எவ்வாறு சொல்லாக்கிற்று, அச்சொல்லை ஆர்வலர்கள் எவ்வாறு வளர்த்தனர், அரசாங்கம் அதற்கு எவ்வாறு துணை போயிற்று என்பனவற்றையே ஈண்டு ஆராய்வோம். மொழி கற்பிக்கும் நமக்கு இவ்வரலாற்றில் வேலை உண்டு.

தட்டுக்கு முன்னர்

வானத்தில் விளங்காத பொருளைக் காண்பது 1947இல் தொடங்கியதன்று. 1896ஆம் ஆண்டு நவம்பரில் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரத்தார், இரவில் ஒளி வீசிச் செல்லும் ஆகாயக் கப்பலைக் கண்டதாகக் கூறினர். அடுத்த ஆண்டு அச்செய்தி அமெரிக்காவின் நடுப்பகுதி முழுவதும் பரவியது. 1897ஆம் ஆண்டு ஏப்ரலில் 'டல்லஸ் மார்னிங் நியூஸ்' என்னும் நாளிதழ், டெக்சாசின் அரோரா என்ற சிற்றூரில் ஆகாயக் கப்பலொன்று காற்றாடி ஆலையின்மேல் மோதிச் சிதறியது என்றும், அதனை ஓட்டி வந்தவன் இவ்வுலகத்தவன் அல்லன் என்றும் எழுதியது. இன்று அதனைக் கட்டுக்கதை என்றே ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்கின்றனர்.

ரைட் சகோதரர்கள் விமானத்தில் பறந்தது 1903இல். 1897இலோ, விரும்பிய திசையில் செலுத்தக்கூடிய ஆகாயக் கப்பலை யாரேனும் செய்து முடிப்பர் என்று மக்கள் எதிர்பார்த்திருந்தனர். எதிர்பார்த்ததையே கண்டனர். 1946இல் சுவீடன் நாட்டு மக்கள் வானில் கண்டவை ராக்கெட்டுகளாக இருந்தன. ஜெர்மானியரின் ராக்கெட்டுகள் இலண்டன்மேல் விழுந்து ஈராண்டுகூட ஆகாத காலம் அது! வானத்து மாயக்காட்சிக்கு ஒவ்வொரு காலமும் தன் அச்சத்தையும் ஆசையையும் ஆடையாக உடுத்திவிடுகிறது.

ரெய்னியர் மலையருகே

1947ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள். தீயணைப்புக் கருவிகள் விற்கும் வணிகரும் பழகிய விமானியுமாகிய கென்னத் ஆர்னால்டு, தம் சிறு விமானத்தில் வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலையருகே பறந்து கொண்டிருந்தார். காணாமற்போன இராணுவ விமானமொன்றைக் கண்டுபிடிப்போர்க்கு 5,000 டாலர் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. அதனையும் தேடிக்கொண்டே சென்றார். அப்போது ஒன்பது பொருள்கள் பளிச்சிட்டு வரிசையாக விரைவதைக் கண்டார். ரெய்னியர் மலையிலிருந்து ஆடம்ஸ் மலைவரை அவை செல்ல எடுத்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தார். 1 நிமிடம் 42 விநாடி. கணக்கிட்டபோது மணிக்கு ஏறத்தாழ 1,700 மைல் வந்தது. பிழை நேர்ந்திருக்கலாம் என்று கருதி 1,200 மைல் என்று குறைத்தே கூறினார். ஒலியினும் விரைவாக மனிதன் பறந்தது அவ்வாண்டு அக்டோபரில்தான் என்பதை நினைவிற் கொண்டால் அவர் வியப்பு நமக்கு விளங்கும்.

மறுநாள் ஆரிகன் மாநிலத்துப் பெண்டில்டன் நகரில், 'ஈஸ்ட் ஆரிகோனியன்' நாளிதழ் அலுவலகத்தில் தாம் கண்டதைக் கூறினார். செய்தியாளர் அதனைச் சுருக்கி எழுதி, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்துக்கும் அனுப்பினார். 'தட்டுப் போன்ற' பொருள்கள் என்ற தொடர் அச்செய்தியில் இருந்தது. தலைப்பு எழுதுவோர் கையில் 'போன்ற' என்னும் உவம உருபு உதிர்ந்தது. 'பறக்கும் தட்டு' பிறந்தது. சில நாள்களில் நாடெங்கும் அச்சொல்லே பேச்சாயிற்று. ஆகஸ்டு மாதத்தில் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக் கணிப்பின்படி, அமெரிக்கரில் பத்தில் ஒன்பது பேர் பறக்கும் தட்டைப் பற்றிக் கேள்வியுற்றிருந்தனர். அஃது என்னவென்று கேட்டபோதோ, மனமயக்கம் என்றும், நம் நாட்டின் இரகசிய ஆயுதம் என்றும், ஏமாற்று வேலை என்றும் விடை கூறினரேயன்றி, வேற்றுலகத்து ஊர்தி என்ற எண்ணம் அன்று வேரூன்றவில்லை.

வினையா, வடிவமா?

தமிழாசிரியர்கள் சற்று நின்று நோக்க வேண்டிய இடம் இது. உவமை தோன்றும் வகைகளாகத் தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என நான்கனைக் கூறினார். மெய் என்பது வடிவம். உரு என்பது நிறம். உவமையைக் கேட்டவுடன், 'இஃது எதனால் ஒத்தது?' என்று வினவுவது நம் மரபு.

ஆர்னால்டு கூறிய உவமை எவ்வகை? 1950ஆம் ஆண்டு ஏப்ரலில் வானொலிச் செய்தியாளர் எட்வர்டு மர்ரோவுக்கு அளித்த பேட்டியில், செய்தித்தாள்கள் தம்மைத் தவறாக எடுத்துக்காட்டின என்று அவர் கூறினார். நீர்ப்பரப்பின்மேல் ஒரு தட்டை வீசினால் அது தத்தித் தத்திச் செல்வதுபோல் அப்பொருள்கள் சென்றன என்பதே தம் கூற்று என்றார். ஈயக்குட்டையில் ஓட்டாஞ்சில்லை எறிந்து விளையாடிய எவருக்கும் இவ்வியக்கம் விளங்கும். ஆகவே அது வினையுவமம். செய்தித்தாள்கள் மெய்யுவமமாகக் கொண்டன. 1947 ஜூலையில் இராணுவத்தார்க்கு அவர் வரைந்து கொடுத்த படமும் முழுவட்டமாக இல்லை. முன்புறம் வளைந்தும் பின்புறம் ஒடுங்கியும், காலணியின் குதிப்பகுதியைப் போன்று அது காணப்படுகிறது.

ஆயினும் பழி முழுவதையும் செய்தியாளர்மேல் ஏற்றுவதும் நடுவுநிலையாகாது. பாதியாக அறுத்த தட்டுப்போல என்று வடிவத்தையும் ஆர்னால்டு அந்நாளிலேயே கூறியதற்குச் சான்றுகள் உள்ளன. மூன்றாண்டு கழித்து ஒருவர் நினைவுகூர்வதைவிட, அன்றன்று எழுதிய பதிவுக்கு வலிமை மிகுதி. இரண்டு உவமைகளையும் அவர் கூறியிருக்கலாம். அவற்றுள் தலைப்புக்கு ஏற்றதை அச்சகம் எடுத்துக்கொண்டது என்பதே பொருந்தும். அதன் பின்னர் உருண்டை, சுருட்டு, வெறும் ஒளி எனப் பல வடிவங்களை மக்கள் கண்டனர் எனினும், எல்லாவற்றுக்கும் 'தட்டு' என்ற ஒரு பெயரே கிடைத்தது.

ராஸ்வெல்

சொல் எத்துணை விரைவாக வேலை செய்தது என்பதற்கு ராஸ்வெல் சான்று. நியூ மெக்சிக்கோ மாநிலத்துப் பண்ணைக்காரர் ஒருவர், ஜூன் நடுவில் தம் மேய்ச்சல் நிலத்தில் ரப்பர்த் துண்டுகளும் ஈயத்தாள்களும் குச்சிகளும் சிதறிக் கிடக்கக் கண்டார். பெரிதாகக் கருதவில்லை. ஜூலைத் தொடக்கத்தில் பறக்கும் தட்டுச் செய்தி காதில் விழுந்த பின்னரே, தாம் கண்டது அதுவாக இருக்குமோ என்று ஐயுற்று அதிகாரியிடம் கூறினார். ஜூலை 8ஆம் நாள், விமானப்படைத் தளத்தார் பறக்கும் தட்டைக் கைப்பற்றினர் என்று 'ராஸ்வெல் டெய்லி ரெக்கார்டு' கொட்டை எழுத்தில் வெளியிட்டது. செய்தியைக் கொடுத்ததோ இராணுவத் தளமே! சில மணி நேரத்தில் ஜெனரல் ராமி அதனை மறுத்து, அது வானிலை பலூன் என்றார். செய்தி அடங்கியது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எவரும் பேசவில்லை. 1978இல், அன்று சிதைவுகளைச் சேகரித்த அதிகாரியை ஆர்வலர்கள் பேட்டி கண்ட பின்னரே ராஸ்வெல் மீண்டும் உயிர்பெற்றது. 1980இல் அதுபற்றி நூலும் வந்தது.

ஆர்வலர்கள்

இனி ஆர்வலர்களைக் காண்போம். இவர்கள் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து நகைப்பது எளிது. ஆனால் அது வரலாறாகாது. டொனால்டு கீஹோ கடற்படைச் சார்பு வீரராக இருந்து ஓய்வு பெற்ற மேஜர், எழுத்தாளர். பறக்கும் தட்டுகள் உண்மையே என்று 1950 ஜனவரியில் 'ட்ரூ' என்னும் மாத இதழில் எழுதினார். அவ்வாண்டே அதனை நூலாகவும் விரித்தார். விமானப்படை உண்மையை அறிந்தே மறைக்கிறது என்பது அவர் வாதம். 1952இல் கோரல் லாரன்சன், ஜிம் லாரன்சன் என்ற தம்பதியர் ஓர் ஆய்வுக் கழகத்தைத் தொடங்கினர். 1956இல் தோன்றிய தேசிய விசாரணைக் குழுவை அடுத்த ஆண்டு முதல் கீஹோ நடத்தினார். அமெரிக்க மைய உளவு நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்த ஹில்லன்கோட்டரே அக்குழுவின் ஆட்சிமன்றத்தில் இடம்பெற்றிருந்தார்.

வெள்ளிக்கிரகத்து மனிதனைப் பாலைவனத்தில் சந்தித்ததாக ஜார்ஜ் ஆடம்ஸ்கி என்பவர் 1953இல் நூல் வெளியிட்டார். வெள்ளியின் தரை 450 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட கொதிநிலம் என்பதை இன்று பள்ளிப்பிள்ளையும் அறியும். இத்தகைய கதைகளைக் கீஹோவின் குழு அன்றே விலக்கி வைத்தது. சாட்சி தேடியவரும், கதை விற்றவரும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டது செய்தித்தாள்களின் பிழையாகும்.

1952ஆம் ஆண்டு பரபரப்பின் உச்சம். ஏப்ரலில் 'லைஃப்' இதழ், விண்வெளியிலிருந்து விருந்தினர் வந்துள்ளனரோ என்று வினவியது. ஜூலையில் அடுத்தடுத்த இரு வார இறுதிகளில் தலைநகர் வாஷிங்டனின் ராடார்த் திரைகளில் விளங்காத புள்ளிகள் தோன்றின. ஜூலை 29ஆம் நாள் ஜெனரல் சாம்ஃபோர்டு பத்திரிகையாளரைக் கூட்டி, வெப்பக் காற்றடுக்கின் விளைவாக அவை இருக்கலாம் என்று விளக்கினார். அவ்வாண்டு மட்டும் விமானப்படைக்கு 1,501 அறிக்கைகள் வந்தன. மறு ஜனவரியில் மைய உளவு நிறுவனம் இராபர்ட்சன் தலைமையில் அறிஞர் குழுவைக் கூட்டியது. நாட்டுக்கு நேரடி ஆபத்து இல்லை என்று முடிவு கண்ட அக்குழு, பொதுமக்களின் ஆர்வத்தைத் தணிக்கச் செய்தித் துறையைப் பயன்படுத்த வேண்டும் என்றும், ஆர்வலர் சங்கங்களைக் கண்காணிக்க வேண்டும் என்றும் இரகசியமாகப் பரிந்துரைத்தது. 'எங்களை உளவு பார்க்கின்றனர்' என்ற ஆர்வலர் கூக்குரல் வெறும் பிரமையன்று என்பது இதனால் பின்னாளில் தெளிவாயிற்று.

இன்னொரு சொல்

விமானப்படையின் 'நீலப் புத்தகம்' என்னும் ஆய்வுத் திட்டத்துக்கு ஆலோசகராக இருந்த வானூலறிஞர் ஆலன் ஹைனெக். 1966 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்து மக்கள் கண்ட ஒளிகளை ஆராய்ந்து, குறிப்பிட்ட இரு நிகழ்ச்சிகளுக்குச் சதுப்பு நிலத்து வாயு காரணமாகலாம் என்றார். எல்லாவற்றுக்கும் அதுவே விளக்கமன்று என்பதையும் சேர்த்தே சொன்னார். செய்தித்தாள்களோ 'சதுப்பு வாயு' என்ற சொல்லை மட்டும் பற்றிக்கொண்டன. தட்டுக்கு நேர்ந்ததே வாயுவுக்கும் நேர்ந்தது! ஊரார் சினந்தனர்; கேலிச்சித்திரங்கள் வந்தன. அம்மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினரும், பின்னாளில் குடியரசுத் தலைவராக வந்தவருமான ஜெரால்டு ஃபோர்டு விசாரணை கோரினார். கொலராடோ பல்கலைக்கழகத்தில் காண்டன் தலைமையில் ஆய்வு நடந்தது. மேலும் ஆராய்வதால் அறிவியலுக்குப் பயன் விளையாது என்று 1969 ஜனவரியில் அறிக்கை வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் நீலப் புத்தகம் மூடப்பட்டது. அதில் பதிவானவை 12,618. அவற்றுள் விளக்கம் காணாதவை 701.

இந்த 701ஐ ஒரு சாரார் வேற்றுலகத்தார்க்குச் சான்றாகக் காட்டினர். மறு சாரார் ஒன்றுமில்லை எனத் தள்ளினர். இரண்டும் தவறு. 'அறியப்படவில்லை' என்பது அறியப்படவில்லை என்பதையே குறிக்கும்.

மறைத்ததும் மறைந்ததும்

1994இல் அமெரிக்க விமானப்படை ராஸ்வெல் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. அங்கு விழுந்தது 'மோகல்' திட்டத்துப் பலூன் தொடர் என்றது. சோவியத் நாட்டு அணுகுண்டுச் சோதனையின் ஒலியலைகளை மேல்வானத்தில் கேட்பதற்காகச் செய்த இரகசிய முயற்சி அது. உயரப் பறக்கும் யூ-2 முதலிய உளவு விமானங்களே 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் கண்ட காட்சிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் காரணம் என்று மைய உளவு நிறுவனத்து வரலாற்றாசிரியர் 1997இல் எழுதினார். அக்கணக்கை மறுப்போரும் உளர். எப்படியாயினும் ஒன்று தெளிவு. அரசாங்கம் மறைக்கிறது என்று ஆர்வலர் சொன்னது உண்மை; எதனை மறைத்தது என்பதிலேதான் அவர்கள் பிழைபட்டனர். மறைத்தவர்களோ, மறைப்பினால் விளைந்த ஐயத்தை மக்களின் அறியாமை என்று இகழ்ந்தனர்.

கதை இன்னும் முடியவில்லை. 2017 டிசம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்', 2 கோடியே 20 இலட்சம் டாலர் செலவில் இராணுவத் தலைமையகம் நடத்திய ஆய்வை வெளிப்படுத்தியது. 2021 ஜூனில் வந்த அரசாங்க அறிக்கை 144 நிகழ்ச்சிகளைக் கூறி, அவற்றுள் ஒன்றை மட்டும் காற்றிழந்த பலூன் என உறுதிப்படுத்தியது. வேற்றுலகத் தொழில்நுட்பத்துக்குச் சான்றெதுவும் காணவில்லை என்று 2024 மார்ச்சில் இராணுவத் தலைமையகத்தின் அறிக்கை கூறிற்று. பெயரும் மாறி வந்துள்ளது. 'தட்டு' என்பதை நீக்கி 'அடையாளம் காணப்படாத பறக்கும் பொருள்' என்று அழைக்க 1950களில் வழிகாட்டியவர், நீலப் புத்தகத்தின் முதல் தலைவராகிய ரப்பெல்ட். இன்று 'பொருள்' என்பதும் போய், 'விளங்காத நிகழ்வு' என்று அதிகாரிகள் எழுதுகின்றனர். பெயரில் உள்ள துணிபு குறையக் குறைய, உண்மைக்கு அருகில் வருகின்றோம் எனலாம்.

இதனால் நம் வகுப்பறைக்கு ஆவது யாது? மாணவர்கள் இன்று கைப்பேசியில் நாள்தோறும் நூறு செய்திகளைக் காண்கின்றனர். 'நம்பாதே' என்று மட்டும் கூறினால் அவர்கள் நம்மையும் நம்பமாட்டார்கள். கண்டவர் யார், அவர் சொன்ன சொல் எது, எழுதியவர் சேர்த்த சொல் எது, விட்ட சொல் எது, மறைக்க வேண்டிய தேவை யாருக்கு இருந்தது என்று கேட்கப் பழக்க வேண்டும். உவமை பாடம் நடத்தும்போது, முகத்தையும் மதியையும் காட்டியபின், ஆர்னால்டின் தட்டையும் கரும்பலகையில் எழுதுங்கள். உவம உருபு தொக்கதால் என்ன விளைந்தது என்று மாணவரையே சொல்லச் செய்யுங்கள். இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர்கள் அன்று அறிவார்கள்.