தகுதி எனும் தாழ்ப்பாள்

"தகுதி உள்ளவன் வரட்டும், தடுப்பார் யார்?" என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கின்றனர். கேள்வி நேர்மையானதாகவே தோன்றும். கேட்பவரின் கையைக் கவனித்தால்தான், கதவின் தாழ்ப்பாள் அவர் பிடியில் இருப்பது தெரியும். உள்ளே இருந்து தாழிட்டுக்கொண்டு, வெளியே நிற்பவனைப் பார்த்து, "இத்தனை காலமாகியும் நீ உள்ளே வரவில்லையே, உனக்குத் தகுதி இல்லை போலும்!" என்று கூறுவது ஆதிக்கக்காரரின் பழைய வழக்கம். அவ்வழக்கம் கல்விக்கூடத்தில் நடந்தது, கோயில் வாயிலில் நடந்தது, அலுவலகங்களில் நடந்தது என்பதை நாம் அறிவோம். விளையாட்டுத் திடலிலும் அது நடந்தது. ஐயந்திரிபற அதனைக் காட்டும் வரலாறு ஒன்று உண்டு. அது தென்னாப்பிரிக்க நாட்டு ரக்பி அணியின் வரலாறு.

ரக்பி நம் மக்களுக்கு மிகுதியும் பழகிய ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்து. பக்கத்துக்குப் பதினைந்து பேர். எண்பது நிமிட நேரம். பதினைவருள் எண்மர் முன்னணியினர். தோளோடு தோள் பிணைத்து, முட்டி மோதிப் பந்தைக் கைப்பற்றுவோர். எழுவர் பின்னணியினர், கைப்பற்றிய பந்துடன் விரைந்தோடி எல்லைக் கோட்டுக்கு அப்பால் அதை ஊன்ற முயல்வோர். அவ்வாறு ஊன்றுவதற்கு 'ட்ரை' என்று பெயர். இக்காலத்தில் களைத்தவருக்கும் காயமுற்றவருக்கும் மாற்றாக இறங்குவதற்கென எண்மர் திடலோரத்தில் காத்திருப்பர். ஆக, நாடு முழுவதிலிருந்தும் இருபத்து மூவரைப் பொறுக்கி எடுக்க வேண்டும். தேர்வாளரின் கண்ணுக்கு யாரெல்லாம் தெரிந்தனர், யாரெல்லாம் தெரியாமற் போயினர் என்பதே இங்கு நாம் ஆராயும் பொருள்.

தென்னாப்பிரிக்க வெள்ளையரின் ரக்பி வாரியம் 1889இல் அமைந்தது. 1891இல் பிரிட்டனிலிருந்து வந்த அணியை எதிர்த்து அந்நாடு தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது. 1906இல் கடல் கடந்து சென்றபோது 'ஸ்பிரிங்பாக்' என்னும் மான் பெயர் அணிக்கு வாய்த்தது. அந்த அணியில் வெள்ளையரல்லாத ஒருவர் முதன்முதலாக டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கியது எப்போது தெரியுமா? 1981ஆம் ஆண்டு மே திங்களில், அயர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில். அவர் பெயர் எரல் டோபியாஸ். 1891 முதல் 1981 வரை தொண்ணூறு ஆண்டுகள்! மக்கள் தொகையில் மிகப் பெரும்பான்மையினரான ஓர் இனத்தில் தொண்ணூறு ஆண்டுகளாகத் தகுதியுள்ள ஒரே ஒருவன்கூடப் பிறக்கவில்லை என்று நம்பச் சொன்னார்கள்.

"கருப்பருக்கு ரக்பியில் நாட்டமில்லை, அவர்கள் கால்பந்து ஆடுவோர்" என்று சமாதானம் கூறினர். உண்மை என்ன? கிழக்குக் கேப் பகுதியில் பாதிரிமார் நடத்திய பள்ளிகளில் கருப்பின மாணவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ரக்பி ஆடினர். வெள்ளையரல்லாதார் தமக்கென 1897இல் தனி வாரியமே கண்டனர். அவர்களுக்குக் கழகங்கள் இருந்தன, போட்டிகள் இருந்தன, பட்டிதொட்டியெல்லாம் ஆர்வலர் கூட்டம் இருந்தது. இல்லாதது ஒன்றே: தேர்வாளரின் பார்வை. வெள்ளையர் அணியைக் காண வந்த கருப்பர் தனிக் கொட்டடியில் நிறுத்தப்பட்டனர். அங்கிருந்து அவர்கள் எதிரணிக்கு ஆரவாரம் செய்தனர். தன் நாட்டு அணி தோற்க வேண்டும் என்று ஒருவன் விரும்புவானாயின், அந்நாடு அவனுக்கு என்ன செய்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தாழ்ப்பாள் தம் வீட்டுக் கதவோடு நிற்கவில்லை. அண்டை அயலார் வீட்டுக் கதவுக்கும் அதைப் பூட்ட முனைந்தனர். 1921இல் ஸ்பிரிங்பாக் அணி நியூசிலாந்து சென்று, நேப்பியர் நகரில் மாவோரி மக்களின் அணியோடு மோதி, 9-8 என்ற கணக்கில் வென்றது. உடன் சென்ற தென்னாப்பிரிக்கச் செய்தியாளர் ஒருவர் தம் நாட்டுக்கு அனுப்பிய தந்தி வெளியாயிற்று. வெற்றியைப் பற்றிய களிப்பைவிட, வெள்ளையர் கூட்டம் தம் இனத்தாருக்கு எதிராக மாவோரிகளை ஊக்குவித்ததே என்ற அருவருப்பே அதில் மிகுந்திருந்தது.

அந்த அருவருப்புக்கு நியூசிலாந்தின் ரக்பி ஆட்சியாளர்கள் தலைவணங்கினர். ஜார்ஜ் நெப்பியா என்ற மாவோரி இளைஞர் 1924-25 பயணத்தில் ஓர் ஆட்டம் விடாமல் ஆடி உலகப் புகழ் பெற்றவர். 1928இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்ற அணியில் அவருக்கு இடமில்லை. 1949இலும் மாவோரிகளை விலக்கிவிட்டே அணி புறப்பட்டது. ஜானி ஸ்மித், வின்ஸ் பெவன் போன்ற தேர்ந்த ஆட்டக்காரர்கள் வீட்டில் இருந்தனர். சென்ற அணி நான்கு டெஸ்ட்களிலும் தோற்றது! தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்று நாம் கூறவில்லை. ஆயினும் தகுதியே பெரிதென முழங்குவோர், தகுதிக்கும் நிறத்துக்கும் மோதல் வந்தபோது எதைக் கைவிட்டனர் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறதல்லவா?

1960இல் நியூசிலாந்து மக்கள் விழித்தெழுந்தனர். "மாவோரி இல்லையேல் பயணமில்லை" என்ற முழக்கம் பிறந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அணி அப்போதும் போயிற்று. ஆனால் 1967இல் செல்லவிருந்த பயணம் கைவிடப்பட்டது. 1970இல் தென்னாப்பிரிக்க அரசு ஒரு தந்திரம் செய்தது. மாவோரியரும் சமோவா வழித்தோன்றலும் அணியில் வரலாம். அவர்கள் 'கௌரவ வெள்ளையர்' எனக் கருதப்படுவர் என்றது. என்னே விந்தை! மனிதனை மனிதனாக மதிக்க மனமில்லை; அவன் மேனிக்குக் காகிதத்தில் வெள்ளையடிக்க மட்டும் மனம் வந்தது!

உலகம் இதனைப் பொறுத்துக்கொண்டே இருக்கவில்லை. 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டிக்கு இந்தியா வந்தது. சென்னையில் வளர்ந்த அமிர்தராஜ் உடன்பிறப்புகள் அவ்வணியின் தூண்கள். எதிரணி தென்னாப்பிரிக்கா என்றதும் இந்தியா ஆட மறுத்துக் கோப்பையை விட்டுக் கொடுத்தது. 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவில் பள்ளிச் சிறுவர்கள் சுடப்பட்டனர். அதே திங்களில் நியூசிலாந்து ரக்பி அணி தென்னாப்பிரிக்கா சென்றது. அதைக் கண்டித்து இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் மான்ட்ரியல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. 1981இல் ஸ்பிரிங்பாக் அணி நியூசிலாந்துக்கு வந்தபோது, ஹாமில்டன் நகரில் எதிர்ப்பாளர்கள் திடலுக்குள் புகுந்து ஆட்டத்தையே நிறுத்தினர். இனப்பாகுபாடு நீங்கும் வரை ஆட்ட உறவில்லை என்ற நெருக்குதல் வலுத்தது. 1992இல்தான் வெள்ளையர் வாரியமும் நிறபேதமற்ற சங்கமும் ஒன்றாயின.

தாழ் திறந்தது, கதவு உடனே அகலத் திறந்துவிட்டதா? 1995இல் உலகக் கோப்பை தென்னாப்பிரிக்காவிலேயே நடந்தது. நெல்சன் மண்டேலா அணித்தலைவரின் ஆறாம் எண் சட்டையை அணிந்து திடலுக்கு வந்த காட்சியை உலகம் போற்றுகிறது. நாமும் போற்றுகிறோம். ஆனால் அன்று வென்ற பதினைவருள் வெள்ளையரல்லாதவர் ஒரே ஒருவர்: செஸ்டர் வில்லியம்ஸ். காயத்தால் முதலில் ஒதுக்கப்பட்டு, வேறொருவர் தண்டிக்கப்பட்டதால் மீண்டும் அழைக்கப்பட்ட அவர், கால் இறுதியில் சமோவாவுக்கு எதிராக நான்கு ட்ரை எடுத்தார். 2007இல் மீண்டும் கோப்பை வந்தது. இறுதியாட்டத்தில் தொடங்கிய பதினைவருள் அத்தகையோர் இருவர். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒன்று இரண்டாயிற்று!

2008இல் பீட்டர் டி வில்லியர்ஸ் பயிற்சியாளரானார். அப்பதவிக்கு வந்த முதல் வெள்ளையரல்லாதவர் அவரே. அதை அறிவித்த ரக்பித் தலைவர், இத்தேர்வு ஆட்டக் காரணங்களுக்காக மட்டும் செய்யப்பட்டதன்று என்று வெளிப்படையாகக் கூறிவிட்டார். கொடுக்கும்போதே 'இது உன் உழைப்புக்கு அன்று' என்று சொல்லிக் கொடுப்பது எத்தகைய கொடை! அடுத்த ஆண்டிலேயே அவரது அணி, பிரிட்டன்-அயர்லாந்துக் கூட்டணியான லயன்ஸ் அணியைத் தொடரில் வென்றது; நியூசிலாந்தை ஒரே ஆண்டில் மூன்று முறை வீழ்த்தியது. விடை சொன்னது திடல்.

பின்னர்ச் சரிவு வந்தது. 2017இல் நியூசிலாந்திடம் 57-0 என்ற இழிதோல்வி. 2018இல் ராஸி எராஸ்மஸ் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். அவர் செய்த முதற்பெருஞ் செயல் சியா கொலிசியை அணித்தலைவராக்கியது. நூறாண்டைத் தாண்டிய டெஸ்ட் வரலாற்றில் அப்பதவிக்கு வந்த முதல் கருப்பர் அவர். பிறந்தது 1991 ஜூன் 16. மனிதரை நிறத்தால் பிரித்துப் பதிவு செய்த சட்டத்தை நீக்க நாடாளுமன்றம் வாக்களித்தது மறுநாள். போர்ட் எலிசபெத் நகரின் ஸ்விடே குடியிருப்பில், பாட்டியின் அரவணைப்பில், வறுமையில் வளர்ந்தவர். அவர் தலைமை ஏற்றதும், "இது அரசியல் நியமனம்" என்று முணுமுணுத்தோர் உண்டு. தொண்ணூறு ஆண்டுகள் வெள்ளையரை மட்டும் நியமித்தது அரசியலன்றி வேறென்ன என்று அவர்கள் தம்மையே கேட்டுக்கொள்ளவில்லை.

எராஸ்மஸின் பார்வை நிறத்தோடு நிற்கவில்லை. எல்லாப் பழக்கங்களையும் அவர் ஐயுற்றார். ஐந்தரை அடியைச் சற்றே கடந்த உயரமுடைய செஸ்லின் கோல்பி, சிறிய மேனியர் எனச் சொந்த நாட்டில் ஐயுறப்பட்டுப் பிரான்சு நாட்டுக் கழகத்துக்குச் சென்றிருந்தார், அவரை அழைத்தார். பெயர் பெற்ற ரக்பிப் பள்ளி எதிலும் பயிலாத சிற்றூர் இளைஞர் மக்காசோலே மப்பிம்பி, தாயையும் உடன்பிறந்தாரையும் இழந்தவர், இருபத்தேழாம் வயதில் நாட்டுக்காக ஆடினார். மாற்றாளர் எண்மரில் ஐந்து முன்னணியினர், மூன்று பின்னணியினர் என்பது பொது வழக்கு. எராஸ்மஸ் ஆறும் இரண்டுமாக மாற்றினார். பிற்பாதியில் களைத்த எதிரியின் மீது புதுவலிமையோடு பாயும் அக்கூட்டத்துக்கு 'வெடிகுண்டுப் படை' என்று பெயராயிற்று.

2019 நவம்பர் 2, யோகஹாமா நகர். உலகக் கோப்பை இறுதியாட்டம்; எதிரி இங்கிலாந்து. தென்னாப்பிரிக்காவின் பதினைவருள் அறுவர் கருப்பரும் கலப்பினத்தாரும் ஆவர். வெற்றி 32-12. 1995இலும் 2007இலும் பந்தை உதைத்துப் பெற்ற புள்ளிகளாலேயே வென்ற நாடு, இறுதியாட்டத்தில் முதன்முறையாக ட்ரை எடுத்தது. எடுத்தவர் மப்பிம்பி, அடுத்து எடுத்தவர் கோல்பி. சிற்றூரான் ஒருவன், சிறுமேனியன் ஒருவன்! பழைய தேர்வாளரின் கண்ணுக்கு இவ்விருவரும் தெரிந்திருப்பார்களா?

2023இலும் அதே துணிவு. முன்னணியின் நடுத்தூணான மால்கம் மார்க்ஸ் போட்டித் தொடரின் இடையே காயமுற்றார். அவ்விடத்துக்கு இன்னொரு முன்னணியாளரை அழைப்பதே மரபு. பயிற்சியாளர் நீனாபரும் எராஸ்மஸும் பின்னணியைச் சேர்ந்த ஹான்ட்ரே பொலார்டை அழைத்தனர். இறுதியாட்டத்தில் மாற்றாளர் எழுவர் முன்னணியினர், ஒருவரே பின்னணியினர். நியூசிலாந்தை 12-11 என்று வென்றனர். அப்பன்னிரண்டு புள்ளிகளையும் உதைத்துச் சேர்த்தவர் பொலார்டு. அவர் வெள்ளையர். கோப்பையை ஏந்திய தலைவர் கொலிசி. கதவைத் திறந்ததால் வெள்ளையர் வெளியே தள்ளப்படவில்லை. தகுதியுள்ளோர் அனைவருக்கும் இடம் இருந்தது.

வெற்றியைக் கண்டு வேலை முடிந்ததென எண்ணுதல் பிழை. கொலிசி சிறுவனாய் இருந்தபோது அவன் ஆட்டத்தைக் கண்டு, புகழ்பெற்ற பள்ளி ஒன்றில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அதன்பின்னரே நல்ல திடலும், நல்ல பயிற்சியும், நல்ல உணவும் அவனுக்கு வாய்த்தன. அன்று அவனோடு புழுதியில் பந்து உருட்டிய மற்றச் சிறுவர்கள்? அவர்களுள் எத்தனை கொலிசிகள் கண்படாமல் கரைந்து போயினர்? ஆகவே, தேர்வுக் குழு கூடும் அறையில் நீதியைத் தேடுவதற்கு முன், பள்ளிச் சிறுவனின் தட்டிலும் திடலிலும் அதைத் தேட வேண்டும். பள்ளியிலும் பதவியிலும் பங்கு கேட்டபோது, "தரம் தாழ்ந்துவிடும்" என்ற கூக்குரலைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். அக்கூக்குரல் எழும்போதெல்லாம் இந்த ரக்பிக் கணக்கை எடுத்துக் காட்டலாம்: 1995இல் ஒருவர், 2007இல் இருவர், 2019இல் அறுவர், மூன்று முறையும் கோப்பை வந்தது. அறுவர் ஆடியபோது தரம் தாழவில்லை. அன்றுதான் முதல் ட்ரை வந்தது.