கருப்பை வாய்ப் புற்றுநோயும் யோனி நுண்ணுயிர்களும்

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ எல்லாப் பெண்களிடமும் ஹெச்.பி.வி. எனப்படும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸால் உண்டாகிறது. பாலுறவின் வழியே பரவும் இவ்வைரஸைப் பெரும்பாலான பெண்களின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அகற்றிவிடும். சிலரிடம் மட்டும் அது தங்கிவிடுகிறது. அவர்களுள் ஒரு பகுதியினருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் தோன்றுகிறது. சிலரிடம் மட்டும் ஏன் தங்குகிறது என்ற வினாவே, யோனியில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களின் பக்கம் புற்றுநோய் ஆய்வாளர்களைத் திருப்பியது.

நுண்ணுயிர் ஆய்வின் தொடக்கம்

ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892-இல் யோனிச் சுரப்பில் வாழும் கோல் வடிவப் பாக்டீரியாக்களை விவரித்தார். அவர் ஆராய்ந்தது பிரசவக் காய்ச்சலை. புற்றுநோய் அவர் எண்ணத்தில் இல்லை. லாக்டோபேசில்லஸ் என்று இன்று அறியப்படும் இவை, பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்களின் உறவினம். இவை உண்டாக்கும் லாக்டிக் அமிலம் பிற கிருமிகளைப் பெருகவிடுவதில்லை.

ஹரால்ட் சூர் ஹௌசன் குழுவினர் 1980-களின் தொடக்கத்தில் ஹெச்.பி.வி. 16, 18 வகைகளைப் புற்றுக் கட்டிகளில் கண்டறிந்தனர். இதற்காக அவருக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2011-இல் ஜாக் ரவெல் குழுவினர் வட அமெரிக்காவில் 396 பெண்களை ஆராய்ந்து, யோனி நுண்ணுயிர்த் தொகுதியை ஐந்து வகைகளாகப் பிரித்தனர். நான்கில் லாக்டோபேசில்லஸ் இனங்கள் மேலோங்கியிருந்தன. ஐந்தாவதில் அவை குறைந்து வேறு பல பாக்டீரியாக்கள் கலந்திருந்தன. இக்கலப்பு வகை உள்ளவர்களிடம் ஹெச்.பி.வி. தங்குவதும் புற்றுக்கு முந்தைய மாற்றங்களும் மிகுதி என்று பின்வந்த ஆய்வுகள் பல காட்டின. ஆனால் எது முந்தியது என்பது தீரவில்லை. வைரஸே அச்சூழலை மாற்றியிருக்கவும் கூடும். கருப்பை உட்சுவர், சினைப்பைப் புற்றுநோய்களில் நுண்ணுயிர்களின் பங்கு பற்றிய சான்றுகள் இன்னும் குறைவு.

இந்த நுண்ணுயிர்ச் சமநிலை குலைவதன் ஓர் அறிகுறி மீன்வாடையுள்ள வெள்ளைப்படுதல். தமிழ்நாட்டில் வெள்ளைப்படுதலை உடல் சூடு என்று சொல்லி விட்டுவிடும் வழக்கம் உண்டு. தொடர்ந்து இருந்தால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டியது. தயிரோ புரோபயாட்டிக் மாத்திரையோ இப்புற்றுநோயைத் தடுக்கும் என்று நிறுவப்படவில்லை.

அம்பிளிக்கை ஆய்வு

நுண்ணுயிர்த் தொகுதி ஆய்வுகள் பெருகும் முன்பே தமிழ்நாட்டில் வேறோர் அமிலம் பயன்பாட்டுக்கு வந்திருந்தது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவினால், இயல்பு மாறிய செல்கள் உள்ள இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துத் தெரியும். ஆய்வகம் தேவையில்லை, பயிற்சி பெற்ற செவிலியரும் நல்ல வெளிச்சமும் போதும்.

திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு, ஆர். சங்கரநாராயணன் தலைமையிலான குழு 2000-இல் இம்முறையைச் சோதிக்கத் தொடங்கியது. மாவட்டத்தில் 114 பகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, பாதியில் மட்டும் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒருமுறை சோதனை செய்யப்பட்டது. தகுதியுடைய 49,311 பேரில் 31,343 பேர் வந்தனர். அறிகுறி ஏதுமில்லாத ஒரு பெண்ணைக் கூலி வேலையை விட்டுவிட்டு இச்சோதனைக்கு வரச் செய்வது எளிதன்று. ஏறத்தாழ 18,000 பேர் வரவேயில்லை. புற்றுக்கு முந்தைய மாற்றம் 1,874 பேரிடம் காணப்பட்டது. அவர்களில் 72 விழுக்காட்டினர் சிகிச்சை பெற்றனர்.

2007-இல் 'தி லான்செட்' இதழில் முடிவுகள் வெளியாயின. சோதனை நடந்த பகுதிகளில் இப்புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைவாக இருந்தன. மறுபாதிப் பகுதிகளைச் சேர்ந்த 30,958 பெண்களுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே இருந்தது. இந்தியாவில் இவ்வகையில் நடந்த ஆய்வுகளில், சோதனை பெறாத பெண்களின் இறப்புகளை முன்வைத்து அறவியல் வினாக்கள் பின்னர் எழுந்தன. புறந்தள்ளத்தக்க வினாக்கள் அல்ல அவை.

பின்னர்

தமிழ்நாடு அரசு 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இச்சோதனையை முன்னோட்டமாகத் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுதும் விரித்தது. அதன்பின் அரியலூர் மாவட்டத்து வரதராஜன்பேட்டை போன்ற சிறு பேரூர்களின் பெண்களும் பெருநகர் மருத்துவமனைக்குப் போகாமல் அரசு சுகாதார நிலையங்களிலேயே சோதித்துக்கொள்ள வழி ஏற்பட்டது. 14 வயதுச் சிறுமியருக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி அளிக்கும் திட்டம் 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. யோனி நுண்ணுயிர்த் தொகுதியைக் கணிக்கும் சோதனை இன்றும் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களுக்குள்ளேயே இருக்கிறது.