யார் ஆணையிட்டது? பினாங்கின் தகவல் சட்டமும் இணைய ஆளுகையும்

சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடித் தந்திவடம் 1870இல் போடப்பட்டது. பின்னாளில் ஃபிளாக், சேஃப் போன்ற இணைய வடங்களும் இத்தீவிலேயே கரையேறின. ஆனால் அவற்றின் வழி வருவதில் எதை மக்கள் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் பினாங்குக்கு இல்லை. மலேசிய அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணை தொலைத்தொடர்பைக் கூட்டரசிடம் ஒப்படைத்திருக்கிறது.

இதைச் சுட்டக் காரணம் உண்டு. மலேசியாவின் 13 மாநிலங்களில் தகவல் சுதந்திரச் சட்டம் உள்ளவை சிலாங்கூரும் பினாங்கும் மட்டுமே. பினாங்குச் சட்டமன்றம் அதை 2011இல் நிறைவேற்றியது. நடைமுறைக்கு வந்ததோ 2015இல்தான். தகவல் கேட்பவர் ஏன் கேட்கிறார் என்று காரணம் சொல்லியாக வேண்டும் என்பது அதன் பெருங்குறை. இருந்தும் ஜார்ஜ்டவுன்வாசி ஒருவர் மாநகர் மன்றத்தின் கோப்பைக் கேட்டு வாங்க முடியும். தம் வீட்டில் ஓர் இணையதளம் ஏன் திறக்கவில்லை என்று கேட்டால் அச்சட்டம் கைவிரித்துவிடும்.

தளம் திறக்காமல் போவது எப்படி? முகவரியைத் தட்டியதும் இணையச் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் வழங்கி அதற்குரிய எண்ணைத் தர வேண்டும். தடுக்கப்பட்ட தளமானால் அது வேறோர் எண்ணைத் தரும்; திரையில் அறிவிப்புப் பக்கம் வந்து நிற்கும். சட்டம் மீறப்பட்டது என்று சொல்லும் அப்பக்கத்திலிருந்து, தடுக்கச் சொன்னது யார், எந்த நாளில், எந்த ஆதாரத்தில் என்பதை அறிய வழியில்லை. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் இணையத் தணிக்கைக்கு இடமளிப்பதாகத் தன்னைப் பொருள்கொள்ளலாகாது என்று 3ஆம் பிரிவில் கூறுகிறது. அதே சட்டத்தின் 263ஆம் பிரிவோ, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையமோ வேறு ‘அதிகார அமைப்போ’ எழுத்து மூலம் கேட்டால் சேவை நிறுவனங்கள் உதவ வேண்டும் என்கிறது. என் பார்வையில் கதவு இந்த இரண்டாவது பிரிவில்தான் திறந்து கிடக்கிறது.

2015 ஜூலையில் ‘சரவாக் ரிப்போர்ட்’ செய்தித் தளம் முடக்கப்பட்டது. 2018 மே மாத ஆட்சி மாற்றத்துக்குப் பின் தடை நீங்கியது. நல்ல செய்திதான். ஆனால் பூட்டியதும் திறந்ததும் அதே நிர்வாக அதிகாரம். நீதிமன்ற ஆணை ஏதும் இடையில் இல்லை. இடைப்பட்ட காலத்தில் எவை முடக்கப்பட்டன என்பதை சினார் புராஜெக்ட், ஊனி ஆகிய அமைப்புகள் கணினி கொண்டு அளந்துதான் கண்டுபிடித்தன. அரசு சொல்ல வேண்டியதைக் குடிமக்கள் அளந்து அறிய நேர்ந்தது விசித்திரம்.

2024 செப்டம்பரில் சிக்கல் முற்றியது. தடையைத் தவிர்க்க உதவும் கூகுள், கிளவுட்ஃபிளேர் ஆகியவற்றின் பொது டிஎன்எஸ் வழங்கிகளுக்குப் போகும் கோரிக்கைகளையும் உள்நாட்டு வழங்கிகளுக்குத் திருப்பிவிடும்படி ஆணையம் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. செப்டம்பர் 30 கெடு. தற்காப்பாக ஆணையம் ஒரு கணக்கையும் தந்தது: 2018 முதல் 2024 ஆகஸ்ட் 1 வரை 24,277 தளங்கள் முடக்கம், அவற்றில் சூதாட்டம் 39 விழுக்காடு, ஆபாசம் 31, பதிப்புரிமை மீறல் 14. விபசாரம், மோசடி முதலீடு தலா 2. மீதமுள்ள 12 விழுக்காடு ‘பிற’. அதாவது ஏறத்தாழ 2,900 தளங்கள். சூதாட்டத் தளத்தை மூடியதற்காக யாரும் வருந்தப் போவதில்லை. கேள்வி இந்தப் ‘பிற’ பற்றியது.

பினாங்கு ஆட்சிக்குழுவில் மின்னிலக்கத் துறையைக் கவனித்த ஸைரில் கிர் ஜொஹாரி திருப்பிவிடும் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தார். கூட்டரசை ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவர். ஆயினும் அவரிடமிருந்த கருவி ஓர் அறிக்கைதான். செப்டம்பர் 8 அன்று கூட்டரசின் தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் திட்டத்தை நிறுத்தச் சொன்னார். இதைப் பலர் நல்ல தலைமைக்குச் சான்றாகப் பாராட்டினர். எதிர்ப்புக்குச் செவிசாய்த்தது பாராட்டத்தக்கதே. ஆனால் ஓர் அமைச்சரின் சொல்லால் நின்றது இன்னோர் அமைச்சரின் சொல்லால் தொடங்கலாம். அந்த வாரத்தில் நின்றது திருப்பிவிடும் திட்டம் மட்டுமே. முடக்கப்பட்ட தளங்களின் பட்டியல் வெளிவரவில்லை.

இந்தியாவின் அனுபவம் இங்கே பயன்படும். அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் இணைய முடக்க ஆணைகளை வெளியிட வேண்டும் என்றது. ஆணை கையில் இல்லாதவர் எதை எதிர்த்து வழக்காடுவார் என்பதே அதன் அடிப்படை. தளத் தடைக்கான 2009ஆம் ஆண்டு விதிகளிலோ 16ஆம் விதி இரகசியத்தை இன்றும் காக்கிறது.

கூட்டரசுச் சட்டம் மாறும்வரை பினாங்கு காத்திருக்க வேண்டியதில்லை. மாநிலத் துறை ஏதேனும் ஒரு தளத்தை முடக்கும்படி ஆணையத்துக்குக் கடிதம் எழுதினால், அக்கடிதத்தின் நகல் மாநிலக் கோப்பில் இருக்கும். மாநிலக் கோப்பு மாநிலத் தகவல் சட்டத்துக்கு உட்பட்டது. யாரும் விண்ணப்பிக்கும் முன்பே அத்தகைய கடிதங்களை ஆண்டுதோறும் வெளியிட ஆட்சிக்குழுவின் ஒரு தீர்மானம் போதும்.