தோத்தாலும் ஹவுஸ்ஃபுல்!

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்னா "காலேஜ் பசங்க மேட்ச்தானே"ன்னு நம்மாளுங்க பலர் சிரிப்பாங்க. நெப்ராஸ்கா கதையைக் கேட்டுட்டுச் சிரிங்க.

அந்த மாநிலத்துல என்.எஃப்.எல். அணி கிடையாது. இருப்பது லிங்கன் நகரப் பல்கலைக்கழக அணியான ஹஸ்கர்ஸ் (சோளம் உரிப்பவர்கள்னு அர்த்தம், பேர்லயே விவசாயம்!). 1923-ல் மெமோரியல் ஸ்டேடியம் திறந்தார்கள். 1962-ல் பாப் டெவானி கோச்சாக வந்தார். அந்த நவம்பர் 3-லிருந்து எல்லா ஆட்டமும் ஹவுஸ்ஃபுல். ரசிகர்களை அனுமதிக்காத 2020 கொரோனா சீசன் மட்டும் விதிவிலக்கு.

1974-ல் மாநிலத்தின் குறுக்கே 455 மைல் ஐ-80 நெடுஞ்சாலை முழுசாக முடிந்தது. மேற்குக்கோடி ஸ்காட்ஸ்பிளஃப்பிலிருந்து லிங்கனுக்கு சுமார் 400 மைல். தாத்தா முதல் பேரன் வரை சிவப்புச் சட்டையோடு ஒரே காரில், ஆறு மணி நேரம். ஆட்ட நாளில் அந்த மைதானம்தான் ஒமாஹா, லிங்கனுக்கு அடுத்த மூணாவது பெரிய ஊர்!

ஜெயிக்கிற டீமுக்குக் கூட்டம் வர்றது அதிசயமில்லை. ஆனா கடைசி தேசியப் பட்டம் 1997-ல். 2017-லிருந்து 2023 வரை ஏழு சீசனும் தோல்விதான் அதிகம். 2021-ல் ஒரு ஆட்டத்துக்கு மீந்த டிக்கெட்டுகளை நன்கொடையாளர்கள் வாங்கி, வசதியில்லாத குழந்தைகளுக்குக் கொடுத்துத்தான் கணக்கைக் காப்பாத்தினாங்க. 2024 செப்டம்பரில் 400-வது ஹவுஸ்ஃபுல். அன்னிக்கும் இல்லினாயிடம் தோல்வி.

அப்புறம் ஏன் போறாங்க? எனக்குத் தோணுறது இதுதான்: வேண்டுதல் பலிக்கலைன்னு குலதெய்வம் கோயிலுக்குப் போறதை யாராச்சும் நிறுத்துவாங்களா?